36 வயதில் மூன்று பாலிப்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்து உட்கார்ந்ததுமே அவர் சொன்னது, "மூலம்தான் டாக்டர். களிம்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்."

வயது 36. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. புகை, மது கிடையாது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லை. ஐந்து மாதமாக மலம் போகும்போது விட்டுவிட்டு ரத்தம் வருகிறது. முதல் மாதமே ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். அங்கே படுக்க வைத்துப் பார்க்காமலேயே மூலம் என்று சொல்லி ஒரு களிம்பும் மலமிளக்கியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் ரத்தம் நின்றது. பிறகு வந்தது. மறுபடி நின்றது. நின்ற நாட்களை மருந்தின் கணக்கிலும், வந்த நாட்களை உட்கார்ந்த வேலையின் கணக்கிலும் சேர்த்துக்கொண்டே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை. இந்த நிகழ்வில் நானும் ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மூலமும் இருந்தது

பரிசோதித்துப் பார்த்தேன். மூலம் உண்மையிலேயே இருந்தது. ஆசனவாய்க்குள் சிறு குழாய் விட்டுப் பார்த்தபோது இரண்டு இடங்களில் உள்மூலம் தெரிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. விரலால் பார்த்ததில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. "பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்" என்றார் நிம்மதியாக.

இந்த நிம்மதியைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மூலம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. ரத்தம் போகிறது என்று வருகிற பலருக்கும் கொஞ்சமாவது மூலம் இருக்கும். அது கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிட்டால், ஒரு சாண் மேலே இருப்பது தெரியாமலே போய்விடும். மூலம் இருக்கிறது என்பது ஒரு செய்தி. ரத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்பது வேறு செய்தி, அதைத் தனியாக உறுதி செய்ய வேண்டும். ரத்தத்தின் நிறமும் முழுசாகக் கைகொடுக்காது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் பாலிப்பிலிருந்தும் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) பளிச்சென்ற சிவப்பு ரத்தம்தான் வரும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியதில் வேறு சில விஷயங்களும் வெளியே வந்தன. ரத்தம் சொட்டுச் சொட்டாக விழவில்லை. மலத்தின் மேல் கோடு இழுத்ததுபோல், வழவழவென்று சளியோடு சேர்ந்து வருகிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வயசாகுதுல்ல டாக்டர்" என்றார். 36 வயதில்!

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1 கிராம். வளர்ந்த ஆணுக்கு 13க்குக் கீழே போனாலே சோகை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தான் இருந்தது. மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு இரும்பு இந்த அளவு வற்றியிருந்தால், எங்கோ ஓரிடத்தில் பல மாதமாக ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நான் பார்த்த அந்தச் சின்ன மூலம் இவ்வளவு இரும்பைக் காலி செய்திருக்க வாய்ப்பு குறைவு. ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யலாம் என்றேன்.

"அதெல்லாம் 45 வயசுக்கு மேல்தானே?"

அவர் எங்கோ படித்தது சரிதான். 2018இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், 2021இல் அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் பெருங்குடல் ஸ்கிரீனிங்கைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தன. ஆனால் ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் செய்வது. ரத்தம் போகிறவருக்குச் செய்வது ஸ்கிரீனிங் இல்லை, நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. அதற்கு வயது வரம்பு கிடையாது. 45 என்ற எண்ணைக் கேள்விப்பட்ட பலர் அதற்கு முன்னால் எதுவும் வராது என்று புரிந்துகொள்கிறார்கள். நல்லெண்ணத்தில் பரப்பிய ஒரு செய்தி இப்படியும் வேலை செய்கிறது.

2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தது. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பு வரை நான்கு அறிகுறிகள் பதிவாகியிருந்தன: வயிற்று வலி, மலத்தில் ரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை. இவருக்கு அவற்றில் இரண்டு இருந்தன. அதைச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

உள்ளே கண்டது

பேதி மருந்து பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோர் முழு மருந்தையும் முந்தைய இரவே குடித்து முடித்துவிட ஆசைப்படுவார்கள், காலையில் தொல்லை இருக்காதே என்று. அப்படிச் செய்தால் இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தம் கலந்த திரவம் பெருங்குடலின் வலப் பக்கத்தில் பசைபோல் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள் ஒளிந்திருக்க அது போதும். பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு தொடங்கியும் குடிக்க வேண்டும். கடைசி மடக்கு பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடிந்திருக்க வேண்டும். இவர் சொன்னபடி செய்தார். குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்கு பாஸ்டன் மதிப்பெண் என்று ஒன்று உண்டு, மொத்தம் 9. இவருக்கு 8 கொடுத்தேன்.

அதே மயக்கத்திலேயே முதலில் இரைப்பையையும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பெருங்குடலின் தொடக்கம்வரை போய், குடல்வால் திறப்பைப் படமெடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினேன். கொலோனோஸ்கோபியில் உண்மையான வேலை திரும்பி வரும்போதுதான். ஆறு நிமிடமாவது எடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது சராசரி எட்டு நிமிடம் என்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் நஷ்டம் நோயாளிக்கு. 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, ஒரு மருத்துவர் அடினோமாக்களை, அதாவது பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய வகைப் பாலிப்களை, கண்டுபிடிக்கும் விகிதம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும், அவரிடம் பார்த்துக்கொண்டவர்களுக்கு அடுத்த பரிசோதனைக்குள் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைகிறது.

ஏறு பெருங்குடலில் 4 மில்லிமீட்டரில் ஒன்று. குறுக்குப் பெருங்குடலில் 6 மில்லிமீட்டரில் இன்னொன்று. இரண்டும் சுவரோடு ஒட்டிய சிறு மேடுகள். மெல்லிய கம்பிச் சுருக்கை மாட்டி, மின்சாரம் இல்லாமலே வெட்டியெடுத்தேன். இந்த அளவுக்கு அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, மலக்குடலுக்குச் சற்று மேலே, வளைகுடலில் இருந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. காளான்போலத் தண்டும் தலையும். தலை 22 மில்லிமீட்டர். சுற்றியிருந்த குடல் சுவர் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க, இதன் நிறம் மட்டும் கருஞ்சிவப்பு. மேற்பரப்பில் மூளையின் மடிப்புகள்போல வரிகள். ஒரு ஓரத்தில் தோல் உரிந்து, கருவியின் நுனி பட்டதும் ரத்தம் கசிந்தது. ஐந்து மாதத்து ரத்தம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பாலிப்பின் தண்டுக்குள் நல்ல தடிமனான ரத்தக்குழாய் ஓடும். அதனால் முதலில் தண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு செறிவுள்ள அட்ரினலின் ஊசி. சில நொடிகளில் தலை வெளுத்தது. பிறகு கம்பிச் சுருக்கைத் தலைக்கு மேலாகப் போட்டு, தண்டின் நடுப்பகுதிக்கு இறக்கி மெல்ல இறுக்கினேன். குடல் சுவரை ஒட்டி வெட்டக் கூடாது. தலையை ஒட்டியும் வெட்டக் கூடாது. கீழே கொஞ்சம் தண்டு மிச்சமிருந்தால்தான் ரத்தம் வந்தால் பிடிக்க முடியும். மேலே கொஞ்சம் தண்டு சேர்ந்து வந்தால்தான் திசு பார்ப்பவர் விளிம்பு சுத்தமா என்று சொல்ல முடியும். மின்சாரம் கொடுத்ததும் தண்டு வெள்ளையாகி அறுந்தது. அடித்தண்டில் ஒரு கிளிப் போட்டேன். பக்கத்தில் கரி மையால் ஓர் அடையாளமும் வைத்தேன், பிற்பாடு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக. பாலிப்பைச் சின்ன வலையில் போட்டுத் துண்டாகாமல் முழுசாக வெளியே கொண்டுவந்தேன்.

இதைச் செய்யும்போதெல்லாம் 1969 நினைவுக்கு வரும். நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் கொலோனோஸ்கோப் வழியே கம்பிச் சுருக்கு போட்டு முதன்முதலில் பாலிப்பை எடுத்தது அந்த ஆண்டுதான். அதற்கு முன்பு இந்த இடத்தில் இப்படி ஒன்று இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும். இவர் அன்று மாலையே நடந்து வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் இரவு போன் செய்தார், கொஞ்சம் ரத்தம் வந்தது என்று. பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம்வரை இப்படி வரலாம். தலைசுற்றல் இல்லை, மறுபடி வரவில்லை, காலையில் தானாகவே நின்றிருந்தது.

திசு அறிக்கை

எட்டாம் நாள் அறிக்கை வந்தது. சிறியவை இரண்டும் குழாய் வகை அடினோமா, செல் மாற்றம் குறைந்த தரம். பெரியது குழாயும் விரல்போன்ற நீட்சிகளும் கலந்த வகை. அதில் ஓரிடத்தில் உயர்தர டிஸ்ப்ளேசியா. தண்டின் விளிம்பு சுத்தம். அடுத்த அடுக்குக்குள் ஊடுருவல் இல்லை.

அறிக்கை என் கைக்கு வருவதற்கு முன்பே அவர் கைக்குப் போய்விட்டது. இரவெல்லாம் போனில் தேடியிருக்கிறார். காலையில் மனைவியோடு வந்து நின்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "கேன்சரா?"

இல்லை. இந்தப் பதிலை ஒரு தடவை சொன்னால் போதாது, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். உயர்தர டிஸ்ப்ளேசியா என்றால் செல்களின் தோற்றம் வெகுவாக மாறியிருக்கிறது, ஆனால் அவை தங்கள் எல்லையைத் தாண்டவில்லை. எல்லையைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் இறங்கினால்தான் பெருங்குடலில் அதைப் புற்றுநோய் என்கிறோம். இவருடையது வாசல்படிவரை போய் நின்றிருந்தது. நின்ற இடத்திலேயே முழுசாக எடுத்தாகிவிட்டது.

எல்லாப் பாலிப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே விளக்க வேண்டியிருந்தது. மலக்குடலில் சாதாரணமாகக் காணப்படும் சின்ன ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பால் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை. அடினோமாதான் கவனிக்க வேண்டியது. அதிலும் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், விரல்போன்ற நீட்சிகள் இருந்தால், உயர்தர டிஸ்ப்ளேசியா இருந்தால் அதை முற்றிய அடினோமா என்கிறோம். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். இவருடைய பெரிய பாலிப்பில் மூன்றும் இருந்தன.

அடினோமாவிலிருந்து புற்றுநோய்வரை மரபணுக்கள் படிப்படியாகக் கெடும் பாதையை 1990இல் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் வரைந்து காட்டினார்கள். பெரும்பாலும் ஏ.பி.சி. மரபணுவில் தொடங்கும். கே-ராஸ், பி53 என்று ஒவ்வொன்றாகச் சேரும். பொதுவாக இதற்குப் பத்தாண்டு அளவில் ஆகிறது. அப்படியென்றால் இவருடைய பெரிய பாலிப் இருபதுகளின் கடைசியிலேயே முளைவிட்டிருக்கலாம். 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைவிடப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு என்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. காரணம் இன்னும் முழுசாக விளங்கவில்லை. உடல் பருமன், புகை, மது, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆனால் இவரிடம் அவற்றில் எதுவும் இல்லை. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டவரிடம் எதையும் சுட்டிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை, சுட்டிக்காட்ட ஆதாரமும் இல்லை.

வயது 40க்குக் கீழ் என்பதால் பரம்பரைக் காரணத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. குடும்பப் பாலிப் நோயில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இவருக்கு மூன்றுதான். லிஞ்ச் நோய்க்குறி வேறு மாதிரி. அதில் பாலிப் குறைவாகவே இருக்கும், ஆனால் வேகமாகப் புற்றுநோயாகும். டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைச் சரிசெய்யும் நான்கு புரதங்களும் திசுவில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். நான்கும் இருந்தன. பாலிப்பில் இந்தச் சோதனை இயல்பாக வந்தாலும் லிஞ்ச் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே மரபணு ஆலோசகரிடம் அனுப்பினேன், ரத்தத்திலும் பார்த்தார்கள். நோய் தரும் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. லிஞ்ச் என்று வந்திருந்தால் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி என்று கணக்கே வேறாகியிருக்கும்.

மறுபடி எப்போது?

அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். அவர் மனைவிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நான் சொன்னது மூன்று ஆண்டு.

இருவர் முகமும் மாறியது. இவ்வளவு பெரிய வார்த்தைகளெல்லாம் அறிக்கையில் இருக்க, மூன்று ஆண்டு சும்மா இருக்கச் சொல்கிறாரே என்று. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அடிக்கடி பார்ப்பதுதான் அக்கறை என்று யாருக்கும் தோன்றும்.

அமெரிக்காவில் தேசிய பாலிப் ஆய்வு என்று ஒன்று நடந்தது. அடினோமா எடுத்த 1418 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வருடத்திலும் மூன்று வருடத்திலும் கொலோனோஸ்கோபி. மற்றதற்கு மூன்று வருடத்தில் மட்டும். 1993இல் முடிவு வந்தபோது இரண்டு பிரிவிலும் முற்றிய அடினோமா கண்டவர்கள் 3.3 சதவீதம்தான். நடுவே செய்த அந்த ஒரு வருடப் பரிசோதனையால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. கொலோனோஸ்கோபிக்கும் அபாயம் உண்டு. அரிதுதான் என்றாலும் குடல் ஓட்டையாகலாம், ரத்தப்போக்கு வரலாம், மயக்க மருந்தால் சிக்கல் வரலாம். பலனில்லாத இடத்தில் அந்த அபாயத்தை ஏன் சுமக்க வேண்டும்? அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2012இல் இன்னொரு முடிவு வெளியிட்டார்கள். அடினோமாவை எடுத்ததால் பெருங்குடல் புற்றுநோய் மரணம் 53 சதவீதம் குறைந்திருந்தது. இந்த எண்ணைச் சொன்னபோதுதான் அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இடைவெளியைத் தீர்மானிப்பது எதைக் கண்டோம் என்பது. இளவயது என்பதற்காக மட்டும் இடைவெளியைச் சுருக்குவதில்லை. பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்த அமெரிக்கப் பணிக்குழுவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய் வகை அடினோமா ஒன்றோ இரண்டோ என்றால் ஏழிலிருந்து பத்து ஆண்டு. மூன்று நான்கு என்றால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. ஐந்திலிருந்து பத்துவரை என்றால் மூன்று ஆண்டு. முற்றிய அடினோமா ஒன்றே ஒன்று இருந்தாலும் மூன்று ஆண்டு. பத்துக்கு மேல் போனால் ஒரே ஆண்டு. ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் சிறிய பாலிப் விஷயத்தில் இன்னும் தாராளம். சிறிய அடினோமா நான்குவரை இருந்தாலும் தனிக் கண்காணிப்பு வேண்டாம் என்கிறது. ஆனால் பெரியதுக்கும் உயர்தரத்துக்கும் அதுவும் மூன்று ஆண்டுதான் சொல்கிறது.

20 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஆறு மாதத்தில் பார்க்க வேண்டும் என்று அவர் ஓரிடத்தில் படித்திருந்தார். அது பெரிய பாலிப்பைத் துண்டுதுண்டாக வெட்டி எடுத்தவர்களுக்கு. துண்டாக எடுத்தால் ஓரத்தில் மிச்சம் தங்க வாய்ப்புண்டு. இவருடையது தண்டோடு முழுசாக, சுத்தமான விளிம்போடு வந்தது.

இந்த இடைவெளிகளெல்லாம் ஒரு நிபந்தனையோடு வருகின்றன. குடல் சுத்தமாக இருந்திருக்க வேண்டும், கடைசிவரை பார்த்திருக்க வேண்டும், கண்டதை முழுசாக எடுத்திருக்க வேண்டும். அரைகுறைச் சுத்தத்தில் செய்த பரிசோதனையை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று எண்ணக் கூடாது, சீக்கிரமே மறுபடி செய்ய வேண்டும்.

"நடுவில் மல டெஸ்ட் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனை சாதாரண அபாயம் உள்ளவர்களுக்கு ஸ்கிரீனிங்காக நல்ல கருவி. முற்றிய அடினோமா எடுத்தவருக்கு அது கொலோனோஸ்கோபிக்கு ஈடாகாது. ஆனால் மூன்று ஆண்டுக்குள் மறுபடி ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் என்று எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அதை ஒரு தாளில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

நான் கேட்காத கேள்வி

முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தேன்: "குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா?" இல்லை என்றார். நானும் இல்லை என்று எழுதிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் பாதிக் கேள்விதான் கேட்டிருந்தேன்.

அறிக்கை வந்த அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகனுக்கு என்ன ஆயிற்று என்று பாலிப்பின் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இந்த மாதிரி ஒரு சதை வளர்ச்சி எடுத்தாங்க சார். ஒன்பது வருஷம் இருக்கும்" என்றார்.

மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவருக்கே இது புதுச் செய்தி.

அப்போது பெரியவருக்கு 55 வயது. "கேன்சர் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லாத விஷயத்தை வீட்டில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். அறிக்கை எங்கே என்று தெரியவில்லை. எத்தனை மில்லிமீட்டர், என்ன வகை, மறுபடி எப்போது வரச் சொன்னார்கள், எதுவும் ஞாபகமில்லை. மறுபடி போகவும் இல்லை.

அப்பாவின் பாலிப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிகைப்படுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோயோ முற்றிய அடினோமாவோ வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்தாண்டு முன்பு, எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அப்பாவுடையது முற்றியது என்றே வைத்துக்கொண்டாலும் மகனுக்கு 40 வயதில்தான் முறை வந்திருக்கும். ஆக 36இல் கண்டுபிடித்ததை அது முந்தியிருக்காது. ஆனால் முதல் ரத்தம் கண்ட அன்றே அவர் மூலம் என்று நினைத்திருக்க மாட்டார். ஐந்து மாதம் களிம்பு போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போது நான் யாரிடமும் புற்றுநோயோடு நிறுத்துவதில்லை. "யாருக்காவது குடலில் பாலிப், சதை வளர்ச்சி, சின்னக் கட்டி என்று எதையாவது எடுத்திருக்கிறார்களா? வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்" என்கிறேன். கர்ப்பப்பை, சினைப்பை, இரைப்பைப் புற்றுநோயையும் சேர்த்தே கேட்கிறேன், லிஞ்ச் அங்கேயும் தலைகாட்டும். கேட்டுவிட்டு வருபவர்களில் சிலர் ஆச்சரியத்தோடு வருகிறார்கள்.

அடுத்து, இந்தக் கணக்கை இவரை வைத்துத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. இவருக்கு முற்றிய அடினோமா, வயது 36. பத்தைக் கழித்தால் 26. இவருடைய அக்காவுக்கு 39 வயது, தம்பிக்கு 31. இருவருக்கும் முறை எப்போதோ வந்துவிட்டது. இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் வீட்டுக்குப் போவதற்குள் "அண்ணனுக்கு ஏதோ குடலில் கட்டி" என்று சுருங்கிவிடும். பாலிப்பின் அளவு, வகை, தரம், கண்டுபிடித்த வயது, உடன்பிறந்தவர்கள் எப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு கழித்து வரச் சொன்னேன்.

அக்கா வருவதற்குத் தயங்கினார். ரத்தமில்லை, வலியில்லை, சோகையில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்றார். தம்பி இரண்டு மாதம் விடாமல் சொல்லிக் கூட்டிவந்தார். ஏறு பெருங்குடலில் ஒரு மடிப்பின் மேல், மஞ்சளாகச் சளி படிந்ததுபோல் ஓரிடம். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். சளி போனதும் அடியில் 12 மில்லிமீட்டருக்கு ஒரு தட்டையான மேடு, சுற்றியிருந்த சுவரின் நிறத்திலேயே. கழுவாமல் விட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அடியில் திரவம் ஏற்றி மேலெழுப்பி ஒரே துண்டாக எடுத்தேன். ரம்பப்பல் அமைப்புள்ள தட்டைப் பாலிப், டிஸ்ப்ளேசியா இல்லை. அவருக்கும் மூன்று ஆண்டு.

இது முதலில் வந்த நோயாளியின் அடினோமாவிலிருந்து வேறு வகை, புற்றுநோயை நோக்கிப் போகும் பாதையும் வேறு. இரண்டுக்கும் ஒரே குடும்பக் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வகை பெரும்பாலும் ரத்தம் கசியாது, எந்தத் தொந்தரவும் தராது. அந்தக் கடிதம் போயிருக்காவிட்டால் அவர் வந்திருக்க மாட்டார்.

பெரியவருக்கும் செய்தோம். 5 மில்லிமீட்டரில் ஓர் அடினோமா, எடுத்தாயிற்று. அறிக்கையின் நகலை இந்தத் தடவை மகன் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுக்குப் பிறகு

கண்காணிப்பில் எனக்கு எப்போதும் இருக்கிற கவலை, ஆட்கள் வராமல் போவது. முதல் வருடம் பயம் இருக்கும். இரண்டாம் வருடம் உடம்பு நன்றாக இருக்கும். மூன்றாம் வருடம் வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், மருத்துவரும் மாறியிருப்பார். தேதி யார் கையிலும் இருக்காது.

இவர் மூன்று வருடம் நான்கு மாதத்தில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பழைய கொலோனோஸ்கோபி படங்கள், திசு அறிக்கை, புரதச் சோதனை, நான் அடிக்கோடு போட்ட தாள், எல்லாம் வரிசையாக இருந்தன. ஹீமோகுளோபின் 14.6. இரும்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மாடிப்படி இப்போது சிரமமில்லை என்றார்.

மை வைத்த இடம் நீலச்சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் தண்டு இருந்த இடத்தில் வெண்மையாக ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். நெருக்கத்தில் வைத்து, நிறம் மாற்றிய ஒளியிலும் பார்த்தேன், மறுவளர்ச்சி இல்லை. குறுக்குப் பெருங்குடலில் புதிதாக 5 மில்லிமீட்டரில் ஒன்று. எடுத்துப் பார்த்ததில் குழாய் வகை அடினோமா, குறைந்த தரம். முதல் தடவை முற்றியதும் இரண்டாம் தடவை சின்னதாக ஒன்றிரண்டும் என்றால் அடுத்தது ஐந்து ஆண்டு. இந்தத் தடவை யாரும் ஆறு மாதம் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மகளின் பெயர் எழுதி, கீழே ஓர் ஆண்டு போட்டிருந்தார். அவளுக்கு இப்போது 10 வயது. அவளுக்கு 26 வயதாகும் ஆண்டு அது. "சரியா டாக்டர்?" என்று கேட்டார். கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்குள் வழிகாட்டுதல் மாறலாம், அப்போதிருக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அதையும் அந்த ஆண்டுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.